‘டைம் போகல மாமா, கரண்ட் போச்சு’: செஸ் தரவுக்கு டூல் விளக்கம் எழுதிய கதை

ஞாயிறு காலை என் லேப்டாப் திரையைப் படித்துவிட்டு அக்கா பையன் முகத்தைச் சுளித்தான். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் அவன் கடைசியாக ஆடிய 60 ஆட்டங்களைப் பார்த்து ஏஐ ஏஜென்ட் எழுதிக் கொடுத்த அறிக்கை அது. ‘நேரத்தைக் கையாள்வதில் பலவீனம்: 9 ஆட்டங்களில் நேரம் தீர்ந்து தோல்வி’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

“பொய் மாமா. டைம் போய்த் தோத்தது மூணுதான். மத்ததெல்லாம் கரண்ட் போச்சு, இல்லன்னா அம்மா வைஃபையை ஆஃப் பண்ணிட்டாங்க.”

எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. லிசெஸ் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) தரும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு புலம் இருக்கும். அதில் ‘அவுட்ஆஃப்டைம்’ என்று வந்தால் கடிகாரம் ஓடி முடிந்தது என்று பொருள். ‘டைம்அவுட்’ என்று வந்தால் ஆடியவர் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார் என்று பொருள். மூன்று ஆட்டம் முதல் வகை, ஆறு ஆட்டம் இரண்டாவது வகை. ஏஜென்ட் ஒன்பதையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தச் சொற்களை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் கட்டியிருப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் தேவைப்படும்போது அழைக்கும் சிறு நிரல்தான் டூல். சொல்லியிருக்க வேண்டிய இடம் நான் எழுதிய டூல் விளக்கம். அதில் இருந்ததோ மூன்றே சொல்: ‘பயனரின் ஆட்டங்களைப் பெறும்.’

இனி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பையனுக்குச் செஸ் சொல்லித்தரும் சார், ‘எந்த ஓப்பனிங்ல அதிகம் தோக்கறான், எந்த இடத்துல டைம் போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தார். ஓப்பனிங் என்பது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை. நான் வேலை பார்ப்பது பேக்கெண்டில், அதாவது சர்வர் பக்க நிரல் எழுதுவது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தால் ஒரு மாலையோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கேள்வி வரும். பையனே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எம்சிபி சர்வர் ஒன்று எழுத உட்கார்ந்தேன். எம்சிபி என்பது ஏஜென்டையும் வெளி டூல்களையும் இணைக்க, ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை. நாம் எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் என்று மூன்றையும் கொடுத்தால் ஏஜென்ட் அதைப் படித்து, எதை எப்போது அழைப்பது என்று தானே முடிவு செய்யும். பைத்தானில் ஃபாஸ்ட்எம்சிபி என்ற லைப்ரரியைப் போட்டால், ஃபங்ஷனுக்குள் முதலில் எழுதும் டாக்ஸ்ட்ரிங் என்ற குறிப்பே விளக்கமாகப் போய்விடும். அதாவது சக புரோகிராமருக்காகக் கடமைக்கு ஒரு வரி எழுதும் இடம், இங்கே ஏஜென்டுக்குக் கிடைக்கும் ஒரே கையேடு. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது.

கையில் இருந்தவை: 8 ஜிபி ராமுள்ள பழைய லேப்டாப், பைத்தான், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட், மாடலுக்கு ஏபிஐ கணக்கில் ஏற்றிய 1,000 ரூபாய். லிசெஸ் ஏபிஐக்குக் காசு கிடையாது. அப்புறம் ஒரு 80 பக்க நோட்டு. கடைசியில் அதிகம் உழைத்தது அந்த நோட்டுதான்.

முதல் நாள் ஒன்றுமே ஓடவில்லை. டீபக் செய்ய நான் போட்டிருந்த பிரின்ட் வரிகள்தான் காரணம். ஸ்டாண்டர்டு இன்புட், அவுட்புட் வழியாகப் பேசும் சர்வரில் அவுட்புட்தான் செய்திக் குழாய். அதில் நம் பிரின்ட் விழுந்தால் எதிர்ப்பக்கம் அதையும் செய்தி என்று படிக்கப் பார்த்துக் குழம்பும். எல்லாவற்றையும் ஸ்டாண்டர்டு எரருக்கு மாற்றினேன், ஓடியது. இதற்கு ஒன்றரை மணி நேரம்.

அடுத்து, ஏபிஐயில் எனக்குத் தேவைப்பட்ட முகவரிகளை வரிசையாக எடுத்து, முகவரிக்கு ஒரு டூல் என்று 11 டூல் எழுதினேன். வந்த ஜேசானை, அதாவது தளம் தரும் தரவுக் கட்டை, அப்படியே ஏஜென்டிடம் தள்ளினேன். இதுதான் பெரிய தப்பு. 60 ஆட்டத்தின் நகர்வுகள், ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகார நேரம், அலசல் இருந்தால் அதுவும் என்று ஒரே அழைப்பில் 50 ஆயிரம் டோக்கனுக்கு மேல் போனது. டோக்கன் என்பது மாடல் படிக்கும் சொல்துண்டு, காசும் அந்தக் கணக்கில்தான். ‘வெள்ளையாக ஆடி எத்தனை தோற்றேன்?’ என்ற கேள்விக்கே அவ்வளவும் உள்ளே போகும். போனால் கூடப் பரவாயில்லை, எண்ணிக்கையும் தப்பாக வரும். ஒருமுறை 17, இன்னொரு முறை 21. பையன் விரல்விட்டு எண்ணிச் சொன்னது 19.

அந்த வாரக் கடைசியில் வந்த வாசகம் ஒன்றை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘முதல் நகர்வுக்குப் பின் உங்களிடம் 5 மணி நேரம் மீதம் இருந்தது.’ மூன்று நிமிட ஆட்டத்தில் ஐந்து மணி நேரம்! தரவில் இருந்த எண் 18003. லிசெஸ் தரும் ஒரே ஆட்டப் பதிவில் நேரம் மூன்று அளவில் வரும். ஆட்டம் தொடங்கிய தேதி மில்லி செகண்டில், ஆட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் செகண்டில், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் மீதமிருக்கும் நேரம் சென்டி செகண்டில், அதாவது செகண்டில் நூறில் ஒரு பங்கு. ஆகவே 18003 என்பது 180.03 செகண்ட். ஏஜென்ட் அதைச் செகண்ட் என்று கொண்டால் சரியாக 5 மணி 3 செகண்ட். கணக்கு பிசகவில்லை, அளவுதான் வேறு.

இதைச் சரிசெய்யப் போய் அடுத்த தப்புக்குள் விழுந்தேன். சிஸ்டம் பிராம்ப்ட்டில், அதாவது உரையாடலுக்கு முன்பே ஏஜென்டுக்குக் கொடுக்கும் கட்டளையில், சட்டப்புத்தகம் போல 40 வரி எழுதினேன். ‘கடிகாரம் சென்டி செகண்டில், நூறால் வகு. தேதி மில்லி செகண்டில். வின்னர் புலம் இல்லையென்றால் டிரா என்று கொள்.’ முதல் சில கேள்விகளுக்கு ஒழுங்காக நடந்தது. உரையாடல் நீண்டதும் ஒன்றைக் கடைப்பிடித்தால் இன்னொன்றைக் கோட்டை விட்டது. தவிர, சட்டம் ஓரிடத்தில் இருந்தது, அது பேசும் தரவு வேறிடத்தில் வந்தது. நான் ஒரு டூலை மாற்றினால் சட்டத்தையும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தேன், வேறென்ன.

ஒரு மதியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். கோடிலேயே, அதாவது நிரலிலேயே, முடிக்கக்கூடியது இடப்பக்கம், விளக்கத்தில் சொல்லியே ஆக வேண்டியது வலப்பக்கம். அளவு மாற்றம் முழுக்க இடப்பக்கம் போனது. எல்லா நேரத்தையும் செகண்டுக்கு மாற்றி, புலத்தின் பெயரிலேயே ‘செகண்ட்’ என்று ஒட்டிவிட்டேன். தேதியை நாம் படிக்கும் வடிவில் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். வெள்ளை வென்றது, கறுப்பு வென்றது என்பதை எடுத்துவிட்டு, கேட்டவர் பக்கத்திலிருந்து ‘வெற்றி, தோல்வி, டிரா’ என்று வைத்தேன். எண்ணிக்கையைக் கோடே கூட்டியது. நூறால் வகுக்கச் சொல்லி விளக்கத்தில் கெஞ்சுவதைவிட நாமே வகுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

வலப்பக்கத்தில் மிஞ்சியவைதான் ருசியானவை.

முதலில் பிளண்டர், அதாவது ஆட்டத்தையே கெடுக்கும் பெரிய தப்பு நகர்வு. லிசெஸில் ஓர் ஆட்டத்தை சர்வரில் அலசச் சொல்லிக் கேட்டிருந்தால்தான் பிளண்டர் எண்ணிக்கை பதிவில் வரும், இல்லையென்றால் அந்தப் புலமே இருக்காது. பையன் 60-ல் 14 ஆட்டத்துக்குத்தான் அலசல் கேட்டிருந்தான், அதுவும் தோற்ற கடுப்பில் கேட்டவை. என் கோடு புலம் இல்லாத இடத்தில் பூஜ்யம் போட்டது. விளைவு, ‘46 ஆட்டங்களில் ஒரு பிளண்டரும் இல்லை, அபாரம்’ என்று பாராட்டுப் பத்திரம். இந்த அறிக்கையை மட்டும் அவன் மறுக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று வரும். ஒவ்வொரு பதிலின் தலையிலும் ‘60 ஆட்டத்தில் 14 மட்டும் அலசப்பட்டவை’ என்று ஒரு வரியும் வரும். விளக்கத்திலும் சொல்லி, பதிலிலும் சொன்ன பிறகுதான் ஏஜென்ட் அதை விடாமல் பிடித்துக்கொண்டது.

அடுத்தது பிளிட்ஸ், அதாவது அதிவேக ஆட்டம். ‘பிளிட்ஸ்ல எப்படி ஆடறான்?’ என்று சார் கேட்டார். ஏஜென்ட் நான்கே ஆட்டத்தை எடுத்துப் பேசியது. பையன் பெரும்பாலும் ஆடுவது பத்து நிமிட ஆட்டம். லிசெஸ் கணக்கில் தொடக்க நேரத்தோடு, நகர்வுக்குக் கூட்டும் செகண்டை 40-ஆல் பெருக்கிச் சேர்ப்பார்கள். 3 நிமிடம் முதல் 8 நிமிடத்துக்குள் வந்தால் பிளிட்ஸ், 8 முதல் 25-க்குள் ரேபிட். பத்து நிமிடம் அங்கே ரேபிட். சார் பேசுவது ஃபிடே, அதாவது உலகச் செஸ் கூட்டமைப்பின் கணக்கு. அதில் கூட்டும் செகண்டை 60-ஆல் பெருக்குவார்கள், மொத்தம் பத்து நிமிடமோ அதற்குள்ளோ இருந்தால் பிளிட்ஸ். ஐந்து நிமிடத்தோடு நகர்வுக்கு ஐந்து செகண்ட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிசெஸில் 300-உம் 200-உம் சேர்ந்து 500 செகண்ட், ஆகவே ரேபிட். ஃபிடேயில் 300-உம் 300-உம் சேர்ந்து 600, சரியாகப் பத்து நிமிடம், ஆகவே பிளிட்ஸ். சார், தளம் இரண்டு பேரும் சரி. விளக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘பிளிட்ஸ், ரேபிட் என்பவை லிசெஸ் வகைகள். கேட்பவர் போட்டி விதிப்படி பேசுகிறார் என்று தோன்றினால் வகையால் வடிகட்டாதே, நிமிடத்தால் வடிகட்டு.’ இதற்காகவே நிமிட வரம்பு என்று ஓர் உள்ளீடும் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஏஜென்ட் சாரிடம் ‘பத்து நிமிட ஆட்டங்களையும் சேர்க்கவா?’ என்று கேட்கத் தொடங்கியது.

ஓப்பனிங் பெயர் இன்னொரு தலைவலி. ‘ஸ்காண்டில எத்தன தோத்தேன்?’ என்பது பையனின் கேள்வி. தரவில் இருப்பது ‘ஸ்காண்டினேவியன் டிஃபென்ஸ்: மீசெஸ்-கோட்ரோக் வேரியேஷன்’ என்ற நீளப் பெயரும் பி01 என்ற குறியீடும். முதல் வடிவில் நான் முழுப் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்தேன், விடை பூஜ்யம். ஏஜென்டும் ‘நீங்கள் ஸ்காண்டினேவியன் ஆடியதே இல்லை’ என்று சொல்லிவிட்டது. இப்போது பெயரில் முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதியைக் குடும்பப் பெயராக வெட்டி வைத்துக்கொண்டு அதில் தேடுகிறேன். உள்ளீட்டின் விளக்கத்தில் ‘ஸ்காண்டி, கரோ, இத்தாலியன் போன்ற சுருக்கப் பெயர்களை முழுக் குடும்பப் பெயராக மாற்றி அனுப்பு’ என்று மூன்று எடுத்துக்காட்டும் கொடுத்தேன். மூன்றே போதுமா என்று சந்தேகம் இருந்தது. கொடுக்காத லண்டன், பிர்க் இரண்டையும் அதுவே பார்த்துக்கொண்டது. எதுவும் சிக்கவில்லை என்றால் வெற்றுப் பட்டியல் தருவதில்லை, ‘இந்தப் பெயரில் இல்லை, இந்த 60-ல் உள்ள குடும்பப் பெயர்கள் இவை’ என்று பட்டியலே வரும். அதைப் பார்த்து ஏஜென்ட் தானே திருத்திக்கொண்டு மறுபடி அழைக்கிறது.

இனி, இரண்டு மாலையைத் தின்ற பிழை. அலசலில் வரும் மதிப்பீடு சென்டிபானில் இருக்கும், அதாவது ஒரு சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்கு. அது எப்போதும் வெள்ளையின் பக்கத்திலிருந்து சொல்லப்படும். பையன் கறுப்பாக ஆடும்போது 310 என்று வந்தால் எதிராளி மூன்று சிப்பாய் அளவுக்கு மேலே இருக்கிறான் என்று பொருள். ஏஜென்ட் அதைப் பார்த்து ‘22-வது நகர்வில் வென்றுகொண்டிருந்தீர்கள்’ என்று சொன்னது. உடனே விளக்கத்தில் ‘கேட்டவர் கறுப்பு என்றால் குறியை மாற்றிப் படி’ என்று எழுதினேன். பாதி நேரம் மாற்றியது, பாதி நேரம் மறந்தது. சரி, இதுவும் இடப்பக்கத்துச் சமாசாரம்தான் என்று கோடிலேயே குறியை மாற்றினேன். வெள்ளை ஆட்டங்கள் சரி. கறுப்பு ஆட்டங்கள் எல்லாமே தலைகீழ், முன்பைவிடச் சுத்தமாகத் தலைகீழ்.

கோடை மூன்று முறை படித்தேன். சர்வரிலிருந்து வெளியே போகும் எண்ணை எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஏஜென்ட் சொல்வது மட்டும் எதிர்மாறு. இரண்டாவது நாள் இரவு பொறுமை போய், ‘ஏன் குறியை மாற்றினாய்?’ என்று அதனிடமே கேட்டேன். ‘டூல் விளக்கத்தில் கேட்டவர் கறுப்பு என்றால் மாற்றிப் படிக்கச் சொல்லியிருக்கிறது’ என்று என் வாக்கியத்தையே எடுத்துக் காட்டியது. நான் அழிக்க மறந்த வாக்கியம். கோடு ஒருமுறை புரட்ட, ஏஜென்ட் கீழ்ப்படிந்து இன்னொரு முறை புரட்டியிருக்கிறது. இப்போது விடை தெரிந்த ஒரு கறுப்பு ஆட்டத்தைச் சோதனையாக வைத்திருக்கிறேன். விளக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சோதனையை ஓட்டாமல் மூடுவதில்லை.

11 டூல் இப்போது நான்கு. ஆட்டங்களின் சுருக்கம், ஓர் ஆட்டம் முழுசாக, ஓப்பனிங் கணக்கு, நேரக் கணக்கு. குறைத்ததற்குக் காரணம் எளிது. முன்பு ‘ஆட்டங்களைப் பெறு’, ‘ஆட்ட வரலாறு’ என்று கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு டூல் இருந்தன. எதை அழைப்பது என்று எனக்கே தடுமாற்றம். சுருக்க டூலின் இப்போதைய விளக்கத்தைத் தமிழில் தருகிறேன்:

‘ஒரு வீரர் கடைசியாக ஆடிய ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒரு வரி. எத்தனை வென்றார், எப்படித் தோற்றார் போன்ற கேள்விகளுக்கு இதை அழை. ஒரே ஆட்டத்தின் நகர்வுகள் வேண்டுமென்றால் இது உதவாது, ஓர் ஆட்டம் டூலை அழை. செஸ் பற்றிய பொதுக் கேள்விகளுக்கு எந்த டூலும் தேவையில்லை. முடிவும் மதிப்பீடும் கேட்ட வீரரின் பக்கத்திலிருந்தே வருகின்றன, எதையும் மாற்றிப் படிக்காதே. முடிந்த விதம் நேரம் தீர்ந்தது என்றால் கடிகாரம் ஓடி முடிந்தது. விட்டுப் போனார் என்றால் இணைப்பு போயிருக்கலாம் அல்லது வெளியேறியிருக்கலாம், இதை நேரப் பற்றாக்குறையில் சேர்க்காதே. பிளண்டர் தெரியாது என்றால் அலசப்படவில்லை, பூஜ்யம் அல்ல.’

‘பொதுக் கேள்விகளுக்கு எந்த டூலும் தேவையில்லை’ என்ற வரிக்கு ஒரு முன்கதை உண்டு. இடையில் ஒருநாள் உற்சாக மிகுதியில் ‘எப்போதும் முதலில் இதை அழை’ என்று எழுதினேன். பையன் ‘கரோ-கான்னா என்ன?’ என்று கேட்டால்கூட 60 ஆட்டத்தை இறக்கிவிட்டுத்தான் பதில் சொன்னது. ‘எப்போதும்’ என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.

விளக்கத்தைத் தமிழிலேயே எழுதினால் என்ன என்றும் பார்த்தேன். ஏஜென்டுக்குப் புரிந்தது, பதிலும் கெடவில்லை. ஆனால் அதே செய்திக்குத் தமிழில் சுமார் மூன்று மடங்கு டோக்கன் போனது, விளக்கம் ஒவ்வொரு கேள்வியோடும் திரும்பத் திரும்பப் போகும் சரக்கு வேறு. மனசில்லாமல் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். எடுத்துக்காட்டுகளில் மட்டும் பையன் பேசும் தங்கிலீஷ் அப்படியே இருக்கிறது.

லிசெஸ், ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் அனுப்பச் சொல்கிறது. 429 (கோரிக்கை அளவு மீறியது) என்று பிழை வந்தால் முழுதாக ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்கிறது. ஏஜென்டுக்கு அந்த எண்ணை மட்டும் காட்டினேன், அது உடனே மூன்று முறை மறுபடி தட்டியது. இப்போது காத்திருப்பதைச் சர்வரே செய்கிறது, இறக்கிய ஆட்டம் எஸ்க்யூலைட்டில் இருக்கிறது. இதைப் பற்றி விளக்கத்தில் ஒரு சொல் கூட இல்லை.

சோதனைக்கு 24 கேள்வி. பையனையே எழுதச் சொன்னேன், விடையும் அவனே ஆட்டங்களை எண்ணி நோட்டில் எழுதினான். கூலி இரண்டு ஐஸ்கிரீம். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று முறை ஓட்டினேன், ஒருமுறை சரியாக வந்ததை நம்ப முடியாது என்பதால். பழைய 11 டூலோடு 72-க்கு 31 சரி. நான்கு டூலோடு 66. மிச்சம் ஆறில் நான்கு, ‘நேத்து’, ‘போன வாரம்’ என்று தேதி கேட்பவை. இன்றைய தேதி என்ன என்பதை டூல் பதிலில் சேர்க்க வேண்டும், இன்னும் சேர்க்கவில்லை. மொத்தச் செலவு 870 ரூபாய். அதில் 500-க்கு மேல் பச்சை ஜேசானை அள்ளிக் கொட்டிய முதல் வாரக் கடைசியிலேயே போனது.

அடுத்த முறை செய்வதென்றால் அந்த 24 கேள்வியை முதல் நாளே எழுதிவிடுவேன், கோடு அதற்கப்புறம். கேள்வி கையில் இருந்திருந்தால் 11 டூல் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அறிக்கையைச் சாருக்கு அனுப்பினேன். கறுப்பாக ஸ்காண்டினேவியனில் அதிகம் தோற்கிறான், ஐந்து நிமிட ஆட்டங்களில் 20-வது நகர்வுக்குள் பாதிக்கு மேல் நேரத்தைச் செலவழித்துவிடுகிறான். படித்துவிட்டு, “இது எனக்கு முன்னாடியே தெரியும் சார். நான் சொன்னா அவன் கேக்க மாட்டேங்கறான், இப்ப கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல” என்றார்.

பையன் நேற்று புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தான். ‘நான் எத்தன கிரேசிஹவுஸ் ஆடியிருக்கேன்?’ என்று கேட்டானாம். வெட்டிய காயைத் திரும்ப இறக்கி ஆடும் வகை அது, நண்பர்களோடு தினமும் ஆடுகிறான். ஓப்பனிங் கணக்கைக் குழப்புகிறது என்று அந்த வகை ஆட்டங்களைக் கோடில் வடிகட்டியது நான்தான், விளக்கத்தில் அதைச் சொல்லவில்லை. ஏஜென்ட் துளிகூடத் தயங்காமல், நீ கிரேசிஹவுஸ் ஆடியதே இல்லை என்று சொல்லியிருக்கிறது. “அம்மாகிட்டக் காட்ட இத அப்படியே வெச்சுக்கலாமா மாமா?” என்கிறான்.